மடக்குவதா, இழுப்பதா, உயர்த்துவதா: சின்ன வீட்டுக்கு ஒரு பழைய மேசை

எங்கள் வீட்டு முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு கட்டில், டீவி வைத்த அலுமாரி, சாமித் தட்டு, நான்கு பிளாஸ்டிக் கதிரைகள். மழைக்காலத்தில் குறுக்கே ஒரு துணிக்கொடியும் சேர்ந்துகொள்ளும். மிச்சமிருக்கும் இடத்தில் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும், நான் பள்ளிக்கூடத்துக் கொப்பிகளைத் திருத்த வேண்டும், நாலு பேரும் சாப்பிட வேண்டும். தீபாவளிக்கு நாத்தனார் குடும்பம் வந்துவிட்டால் ஒன்பது பேர்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவணைக்கு ஒரு மெலமைன் மேசை வாங்கினோம். வந்த புதிதில் பளபளவென்றுதான் இருந்தது. ஒரு மழைக்காலம் போனதும் ஓரப்பட்டி கழன்று, உள்ளே இருந்த துகள் பலகை தேத்தண்ணியில் முக்கிய பிஸ்கட் மாதிரி உப்பிவிட்டது. இலங்கை மலைநாட்டில், எங்கள் ஹட்டன் பக்கம் ஜூலையில் துவைத்த துணியே மூன்று நாளாகக் காயாது. மரத்தூளை ஒட்டிச் செய்த பலகையைக் குறை சொல்லி என்ன பயன்?

அதற்குப் பிறகுதான் பழைய மேசைகள் பக்கம் பார்வை போனது. 1950களிலும் 60களிலும் செய்த, தேவைக்கு ஏற்றபடி அளவை மாற்றக்கூடிய மர மேசைகள். நுவரெலியாவில் ஒன்று, கண்டியில் ஒன்று, டிக்கோயாவில் ஒன்று பார்த்தேன். ஒன்று உயரும், ஒன்று இழுபடும், ஒன்று மடங்கும். கடைக்காரர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்: "வெள்ளக்காரன் காலத்து மேசைங்க, இப்ப எங்கயும் கெடைக்காது." ஆனால் மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. எங்கள் மழைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தால் இன்னும் பெரிது.

இந்த மாதிரிச் சாமான்கள் மலைநாட்டில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. 1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசு கைக்கு வந்தன. துரைமார் கிளம்பிய பங்களாக்களில் இருந்த தளபாடங்கள் மெதுவாகக் கைமாறின. இன்னொரு பக்கம், 1960களில் இருந்து 1977 வரை இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. வெளிநாட்டு மேசை வேண்டும் என்றவர்களுக்கு உள்ளூர்த் தச்சர்கள்தான் படத்தைப் பார்த்துச் செய்து கொடுத்தார்கள், பலாவிலும் தேக்கிலும். ஆகவே 'டென்மார்க் மேசை' என்று யாராவது காட்டினால் உடனே மயங்கவும் வேண்டாம், தச்சு வேலைக்குப் பேர்போன மொறட்டுவையில் செய்தது என்று தெரிந்ததும் முகம் சுளிக்கவும் வேண்டாம். எங்கள் ஊருக்கு அந்த நகல்தான் சில வேளை நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதையெல்லாம் அப்பாயிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு. தோட்டத்து லய வீட்டில் அவருடைய முதல் மேசை ஒரு தேயிலைப் பெட்டி. ஒட்டுப்பலகையில் செய்து ஓரமெல்லாம் தகரம் அடித்த பெட்டி. கவிழ்த்து வைத்தால் மேசை, நிமிர்த்தினால் அரிசி வைக்கும் இடம். "அதுவும் மாத்துற மேசதானே?" என்றார். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு பக்கத்துக் காம்பராக்காரர்கள் தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது விட்டுவிட்டுப் போன பெட்டியாம் அது.

சரி, மேசைக்கு வருகிறேன்.

முதலில் மனது போனது உயரும் மேசையிடம். நுவரெலியாக் கடையில் அது சோபாவுக்கு முன்னால் போடும் குட்டை மேசையாகத்தான் நின்றது. பதினெட்டு அங்குல உயரம் இருக்கும். கடைக்காரர் பக்கத்தில் இருந்த கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். மேற்பலகை அப்படியே எழுந்து சாப்பாட்டு மேசை உயரத்துக்கு வந்தது, இருபத்தொன்பது அங்குலம். போருக்குப் பிறகு ஜெர்மனியில் கட்டிய சிறிய மாடி வீடுகளில் உட்காரும் அறையும் சாப்பிடும் அறையும் ஒன்றுதான் என்பதால் இந்த வகை மேசைகள் அங்கே நிறைய ஓடின. ஒரு ஜெர்மன்காரர் விட்டுப் போனது என்று அவர் சொன்ன கதையை நான் நம்பவில்லை. ஆனால் மேசை அந்த ஊர் வேலைதான் என்பது பார்த்தாலே தெரிந்தது. கண்ணாடி மாதிரி மினுங்கும் வால்நட் மேற்பரப்பு, கீழே இரும்புத் திருகுத் தண்டு.

எங்களைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும் என்று நினைக்க நியாயமும் இருந்தது. நாங்கள் பாய் போட்டு உட்காரும் ஆட்கள். அப்பாயி இன்றைக்கும் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுவார். தாழ்த்தினால் அவருக்கு, உயர்த்தினால் மகளுக்கு. ஒரே மேசையில் இரண்டு தலைமுறை.

ஒரு வாரம் வீட்டைக் கவனித்துப் பார்த்தேன். அப்பாயிக்கு மேசையே தேவையில்லை, தட்டு மடியில் இருந்தால் போதும். மகள் கட்டிலில் குந்திப் படிக்கிறாளே என்றால் அது தாழ்வான இடம் பிடித்ததால் இல்லை, வேறு இடம் இல்லாததால். எங்கள் வீட்டில் மாறுவது உயரம் இல்லை, ஆள் கணக்கு. காலையில் ஒருவர், இரவில் நால்வர், பண்டிகைக்கு ஒன்பது பேர். உயரும் மேசை இதற்குப் பதில் சொல்லவில்லை. தாழ்ந்து நின்றாலும் அது தரையில் அதே நாலடியைப் பிடித்துக்கொள்ளும்.

மேசையின் கீழ்ப்பக்கத்தைப் பார்த்தபோது மற்றக் குறைகளும் தெரிந்தன. மேற்பலகை முழு மரம் இல்லை. துகள் பலகைமேல் ஒரு மில்லிமீற்றர்கூட வராத மரத்தோல். ஒரு மூலையில் அந்தத் தோல் ஏற்கெனவே எழும்பியிருந்தது. மேலே பூசியிருந்தது பொலியெஸ்டர். அதில் விரிசல் விழுந்தால் எங்கள் ஊர்த் தச்சு பாஸ்மார் கையில் எடுத்துச் சரிபண்ணும் சாமான் இல்லை அது, முழுவதும் சுரண்டித்தான் ஆக வேண்டும். திருகுத் தண்டில் கிறீஸ் காய்ந்து மண்ணாகியிருந்தது. பல் தேய்ந்தால் மாற்றுச் சாமானுக்கு எங்கே போவது? விலை 95,000 ரூபாய். எங்கள் வீடு ரோட்டில் இருந்து எழுபத்துநாலு படி மேலே இருக்கிறது, அந்த இரும்போடு சேர்ந்த பாரத்தை யார் தூக்குவது என்பது தனிக் கேள்வி. நல்ல கூரை, காய்ந்த அறை, சோபா எல்லாம் உள்ள பண்டாரவளைப் பக்கத்து வீடு என்றால் நான் இவ்வளவு கறாராகச் சொல்லமாட்டேன்.

இங்கே மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அடுத்த இரண்டு மேசைகளும் இதில்தான் பிரிகின்றன.

மரம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், திருப்பி விடும். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஏறக்குறைய 12 சதவீதம் ஈரம் தங்கும். ஈரப்பதன் 85 ஆனால் மரத்தின் ஈரம் 18 சதவீதத்தைத் தொடும். இந்த ஏற்ற இறக்கத்தில் பலகை நீளவாட்டில் அவ்வளவாக அசையாது, அகலவாட்டில்தான் விரியும், சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் அடக்கமான மரம். ஆனாலும் 60 சென்ரிமீற்றர் அகலத் தேக்குப் பலகை, அறுத்த வாட்டத்தைப் பொறுத்து, மூன்றில் இருந்து ஆறு மில்லிமீற்றருக்கு மேல்கூட விரியும். அசையாத மேசையில் இது யாருக்கும் தெரியாது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போக வேண்டிய மேசையில் மூன்று மில்லிமீற்றரே பெரிய விஷயம். மே மாதம் பிறந்ததும் லாச்சி இறுகுகிற வீட்டில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கண்டியில் பார்த்தது இழுப்பு மேசை. மேற்பலகைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை ஒளிந்திருக்கும். இழுத்தால் சரிவாகச் சீவிய தாங்குகட்டைகள்மேல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முழுவதும் வந்ததும் நடுப்பலகை கீழே இறங்கி மூன்றும் சமமாகிவிடும். அந்தக் கட்டையின் சரிவைப் பலகையின் தடிப்புக்குச் சரியாகக் கணக்குப் பார்த்துச் சீவியிருப்பதுதான் முழு இரகசியம். பதினாறாம் நூற்றாண்டில் இருந்தே ஐரோப்பாவில் இருக்கிற வித்தை இது. டென்மார்க்காரர்கள் 1950களில் தாய்லாந்துத் தேக்கில் இதை மெல்லிய கால் வைத்து அழகாக்கினார்கள்.

அழகு என்றால் அழகுதான். மூன்றில் எது கண்ணுக்கு இனியது என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். இருக்கிறவர்களின் முழங்காலில் எதுவும் இடிக்காது, நாலு காலும் மூலையில் நிற்கும். நாலு பேர் மேசை ஒரே இழுவையில் எட்டுப் பேர் மேசையாகும். ஒருவருக்கு இரண்டடி என்று கணக்குப் பார்த்தால் ஒன்பதாவது ஆளையும் மூலையில் சமாளித்துவிடலாம்.

ஆனால் இழுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் பாதியில் நின்றது. கடைக்காரர் முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார், வந்தது. அது கண்டியில், மழை இல்லாத ஒரு பெப்ரவரியில். கட்டைகளில் மெழுகுதிரி தேய்த்தால் வழுக்கும் என்பது உண்மைதான், நானே லாச்சிக்குச் செய்கிறவள். ஆனால் விரிந்துபோன மரத்தை மெழுகுதிரி சுருக்காது. உள்ளே ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித் துணி உதிர்ந்துபோய், உள்பலகையின் முகமெல்லாம் கீறல். மூடுவதற்கு ஒருவர் நடுப்பலகையைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தள்ள வேண்டும். அதாவது மேலே ஒரு கோப்பைகூட இருக்கக் கூடாது. இவை எல்லாவற்றையும்விட என்னைத் தடுத்தது அதன் மூடிய அளவு. மூடினாலும் நாலரை அடிக்கு இரண்டே முக்கால் அடி. இந்த மேசைக்குப் பெருகத் தெரியும், சிறுக்கத் தெரியாது. எங்கள் அறைக்கு இரண்டும் தெரிந்த மேசை வேண்டும். விலை 80,000.

இடையில் ஒரு படவரைவு மேசையும் வந்தது, சாய்வை மாற்றக்கூடியது. நில அளவையாளர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மகளுக்கு ஆசை. சாய்ந்த மேசையில் சோற்றுத் தட்டு நிற்காது என்று சொல்லி அடுத்த நிமிஷமே வெளியே வந்துவிட்டோம்.

டிக்கோயாவில் ஒரு வீட்டில் நின்றது மடக்கு மேசை. பார்த்த முதல் நிமிஷத்தில் அது மேசை என்றே தோன்றவில்லை. சுவரோரம் பதினொரு அங்குல அகலத்தில் ஒரு நீட்டுப்பலகை, இரண்டு பக்கமும் தொங்கும் இறக்கைகள், மேலே ஒரு பழைய ரேடியோ. இறக்கையைத் தூக்கி, கீழே கேற் மாதிரி நிற்கும் காலைத் திறந்தால் இறக்கை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பக்கம் திறந்தால் படிக்கிற மேசை. இரண்டு பக்கமும் திறந்தால் நாலே முக்கால் அடி நீளத்தில் முட்டை வடிவ மேசை, ஆறு பேர் தாராளமாக, எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு. இங்கிலாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் இருந்தே இருக்கும் வடிவம். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகு சில வருஷங்களும் அங்கே மரத் தட்டுப்பாட்டால் அரசு குறித்த சிக்கன வடிவங்களில்தான் தளபாடம் செய்ய வேண்டியிருந்தது. அப்படிச் செய்தவற்றில் 'சிசி41' முத்திரை இருக்கும். இதில் அந்த முத்திரை இல்லை. எனக்கு அது நல்ல செய்தி.

அடிப்பக்கத்தில் பொலிஷ் படாத ஓர் இடத்தில் பேனாக்கத்தியால் மயிரிழை சுரண்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். உள்ளே மஞ்சள். பலா! வருஷம் போகப் போகப் பலா மேலே கறுத்துப் பழுப்பாகும், உள்ளே பிக்குமாரின் சீவரத்துக்குச் சாயம் எடுத்த அந்த மஞ்சள் அப்படியே இருக்கும். ஆக இது இங்கே செய்தது. யாரோ ஒரு தச்சர் துரையின் மேசையைப் பார்த்துச் செய்த நகல். அவருக்கு மரத்தோல் ஒட்டுகிற வேலையெல்லாம் இல்லை. முழுப் பலகையைத்தான் சீவியிருக்கிறார். நகல் நல்லது என்று முன்னால் சொன்னது இதைத்தான். அசல் மேசையில் தோல் எழும்பினால் ஒட்ட வேண்டும், சிரமம். முழுப் பலகையில் கீறல் விழுந்தால் சீவி பொலிஷ் போட்டால் முடிந்தது.

இதன் பொறிமுறையும் மழைக்குப் பயப்படாதது. இறக்கை அகலவாட்டில் நாலு மில்லிமீற்றர் விரிந்தால் என்ன? வெளியே காற்றில் விரியட்டும். எதற்குள்ளும் நுழைய வேண்டியதில்லை. காலின் சுழல்முளை மட்டும் கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான்.

குறை இல்லாமல் இல்லை. ஆறு பேர் உட்கார்ந்தால் ஒருவர் கட்டாயம் ஏதாவது ஒரு காலைத் தன் முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டும். எங்கள் வீட்டில் அது பெரும்பாலும் என் வீட்டுக்காரர். காலை முழுவதும் திறக்காமல் யாராவது இறக்கையில் சாய்ந்தால் தட்டோடு கீழே போகும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை யோசிக்க வேண்டும். நாங்கள் இறக்கைக்கு அடியில், கால் வந்து நிற்கும் இடத்தில் ஒரு சிறிய கட்டை அடித்துக்கொண்டோம். சீமெந்துத் தரை மேடு பள்ளம் என்றால் திறக்கும்போது கால் இழுபடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: முதலில் இரண்டு இறக்கையையும் திறந்து, நாலு பக்கமும் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஆட்டம் காலில் என்றால் சமாளிக்கலாம், பிணைச்சலில் என்றால் திருகாணிகளைப் பாருங்கள். நான் பார்த்த மேசையில் துளை தளர்ந்துபோய் நெருப்புக்குச்சி செருகி இறுக்கியிருந்தார்கள். இறக்கையும் நடுப்பலகையும் சேரும் வளைந்த பொருத்தில் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு முனையில் விரிந்து மறுமுனையில் ஒட்டினால் பலகை முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம், அதை யாரும் நிமிர்த்தித் தரமாட்டார்கள். பங்களாவில் கணப்படுப்புக்குப் பக்கத்தில் நின்ற மேசைகளில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து இப்படி ஆகும். பூச்சி அரித்த துளைகள் இருந்தால் கீழே பத்திரிகை விரித்து இரவு விட்டுவிடச் சொல்லுங்கள். காலையில் மா மாதிரித் தூள் கொட்டியிருந்தால் பூச்சி இன்னும் குடியிருக்கிறது. குளிருக்குப் பூச்சி வராது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். உயிரோடு நிற்கும் தேயிலைச் செடியையே தின்னும் கறையான் மேட்டுநாட்டிலும் உண்டு.

விலை 48,000 சொன்னார்கள். வாங்குவதற்கு முன் டவுனில் எங்களுக்குப் பழக்கமான தச்சு பாஸிடம் போய், "இதே மாதிரி புதுசா செஞ்சு தருவீங்களாண்ணே?" என்று கேட்டேன். பலாவில் என்றால் 85,000, அதுவும் மரம் கிடைத்தால் என்றார். பலா, ஈரப்பலா மரங்களை வெட்ட அனுமதி வேண்டும் என்று 1951இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆகவே நல்ல பலா சுலபத்தில் வராது. அல்பீசியா மரத்தில் என்றால் பாதி விலைக்கு முடிக்கலாமாம். அவரே தலையை ஆட்டினார்.

"வேணாம் டீச்சர். பழசு பலான்னா பழசையே எடுங்க. அறுபது வருஷம் மழையும் வெயிலும் பாத்த பலக, இனிமே அது முறுக்கப்போறதில்ல. நான் செய்யிறது ரெண்டு வருஷத்துல என்ன ஆகும்னு எனக்கே தெரியாது, ஈர மரந்தானே வருது."

தன் வேலையைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஆளை நம்பாமல் யாரை நம்புவது?

45,000க்கு முடித்தோம். பட்டா என்கிற சின்ன லொறிக்கு 4,000. எழுபத்துநாலு படியையும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் ஒரே மூச்சில் ஏற்றிவிட்டார்கள், மடங்கிய மேசை பெட்டி தூக்குகிற மாதிரித்தான். பாஸ் வந்து துருப்பிடித்த இரும்புப் பிணைச்சல்களைக் கழற்றிப் பித்தளை போட்டார். தளர்ந்த துளைகளில் பலாச் சில்லைப் பசை வைத்து இறுக்கிப் புதுத் திருகாணி ஏற்றினார். பொலிஷும் சேர்த்து 9,500. மொத்தம் 58,500 ரூபாய். மெலமைன் மேசைக்குக் கட்டிய தவணைகளைக் கூட்டிப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது பகலில் அது சுவரோரம் பதினொரு அங்குலத்தில் நிற்கிறது. நாலு மணிக்கு மகள் ஜன்னல் பக்கத்து இறக்கையைத் தூக்குவாள். ஏழரைக்கு மற்ற இறக்கையும் எழும். தீபாவளிக்கு எட்டுப் பேர் மேசையில் இருந்தோம், அப்பாயி வழக்கம்போலக் கீழே.

பாஸ் போட்டது அரக்குப் பொலிஷ். சூடும் ஈரமும் பட்டால் வெளுக்கும், சூடாக எதையும் வைக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். போன கிழமை நடுப்பலகையில், ரேடியோ வைத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், கோப்பை அளவில் ஒரு வெள்ளை வளையம். மேசை தேவையே இல்லாதவர் என்று நான் கணக்குப் போட்ட ஆள்தான் காலைத் தேத்தண்ணியை அங்கே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஸ்பிரிட் தொட்ட துணியால் லேசாக ஒற்றியெடுத்தால் போய்விடும் என்கிறார் பாஸ். இன்னும் ஒற்றவில்லை.